இராபர்ட் கோக்கும் மாட்டுச் செல்வமும்

நம் சங்கத்தின் ஆண்டுவிழா மலர்களில் புலவர் பெருமக்களின் வரலாறும் நாட்டுத் தொண்டர்களின் வரலாறும் இடம்பெறுதல் வழக்கம். அவ்வரிசையில் ஜெர்மனி தேசத்து மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையை எழுத நாம் முன்வந்தது சில அன்பர்களுக்கு வியப்பாயிருத்தல் கூடும். தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டென்பதை அவ்வன்பர்கள் அறிவார்கள். அச்செல்வம் எவ்வாறு அழிகிறது, அழிவைத் தடுக்க வந்த மருந்து மெய்யாகவே தடுத்ததா, தடுத்ததென்றால் அதற்கு எத்துணைப் பொருள் செலவாயிற்று என்னும் கேள்விகளை ஒழுங்குபடக் கேட்க உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களுள் முன்னணியில் நின்றவர் டாக்டர் இராபர்ட் கோக். காசநோய்க் கிருமியைக் கண்டவர் என்ற அளவில்தான் பள்ளிக்கூடத்தில் நாம் அவரைப் படித்தோம். அவர் ஆராய்ச்சி ஆடுமாடுகளின் நோயில் தொடங்கியது என்பதும், மாட்டு நோய்க்காகவே இருமுறை தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார் என்பதும், நம் இமயமலைச் சாரலிலிருந்த கால்நடை ஆய்வுக்கூடத்துக்கும் வந்து சென்றார் என்பதும் பலர் அறியாதவை.

இத்தீவுகளில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. சென்னைக்கும் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கறவை மாடு ஒன்று மாண்டால், மறுநாள் பக்கத்துச் சந்தைக்குச் சென்று வேறொன்றைப் பிடித்துவருதல் நம்மவர்க்கு இயலாது. இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது இன்னும் அரிது. நிக்கோபாரிய மக்களுக்கோ பன்றியே செல்வம். விழாவும் நீத்தார் சடங்கும் பன்றியின்றி நடவா. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவுகளின் பன்றிகளையும் கோழிகளையும் வாரிச் சென்றபோது, அம்மக்கள் இழந்தது இறைச்சியை மட்டுமன்று. தங்கள் வைப்புநிதியையும் இழந்தனர்.

தண்டவாளம் ஒரு முழமும் இல்லாத இத்தீவில் இரயில்வே உத்தியோகம் பார்க்கும் நம்மைக் கண்டு நகைப்போர் உண்டு. நகைக்கட்டும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று ஆயுள் முழுதும் பதிவேட்டில் எழுதிப் பழகியவர்க்குக் கோக்கின் பெருமை எளிதிற் புலப்படும் என்பது நம் எண்ணம். அவர் கண்ட கிருமிகளினும், அவர் வைத்திருந்த கணக்கே நம்மை மிகவும் கவர்ந்தது. அக்கணக்கை அவரே கைவிட்ட இடங்களும் உண்டு. அவற்றையும் மறையாது எழுதுவோம்.

ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் கிளவுஸ்தால் என்னும் சுரங்க ஊரில் 1843 டிசம்பர் 11-ஆம் நாள் கோக் பிறந்தார். தந்தையார் சுரங்க அதிகாரி. வீட்டில் பிள்ளைகள் பதின்மூவர், இவர் மூன்றாமவர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1866-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆசிரியராயிருந்த யாக்கோப் ஹென்லே என்பார், தொற்றுநோய்கள் உயிருள்ள நுண்பொருள்களால் பரவுவன என்று பல்லாண்டுகளுக்கு முன்னரே எழுதியவர். கப்பல் மருத்துவராகி உலகம் சுற்ற வேண்டும் என்பது இளைஞர் கோக்கின் கனவு. 1867-இல் எம்மி என்னும் நங்கையை மணந்தபின் அக்கனவை மடித்து வைத்துவிட்டு, சிற்றூர்களில் வைத்தியம் பார்க்கலானார். 1872-இல் வோல்ஸ்டைன் என்னும் ஊருக்கு மாவட்ட மருத்துவ அதிகாரியானார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது.

வோல்ஸ்டைன் வட்டாரத்தில் அந்நாளில் அடைப்பான் நோய் ஆடுமாடுகளை வாட்டிக்கொண்டிருந்தது. காலையில் நன்றாக மேய்ந்த ஆடு மாலையில் விழுந்து மாளும். அதன் இரத்தம் கறுத்து உறையாமல் நிற்கும். நம் கிராமங்களிலும் இந்நோயை அறியாத இடையர் இல்லை. செத்த விலங்கின் இரத்தத்தில் கோல் போன்ற நுண்பொருள்கள் காணப்படுவதைப் பிரான்சு நாட்டு தவேன் முதலியோர் முன்னரே கண்டிருந்தனர். ஆனால் அக்கோல்கள் நோயை உண்டாக்கினவா, நோயினால் உண்டாயினவா என்பதை எவரும் தீர்த்துச் சொல்லவில்லை.

கோக்குக்கு ஆய்வுக்கூடம் இல்லை. மனைவியார் பரிசளித்ததாகச் சொல்லப்படும் ஒரு நுண்ணோக்கியும், நோயாளிகளைப் பார்க்கும் அறையில் தடுப்புக் கட்டிப் பிரித்த ஒரு மூலையுமே அவருடைய உடைமை. மரச்சிராயைச் சூடாக்கித் தூய்மை செய்து, மாண்ட விலங்கின் இரத்தத்தில் தோய்த்து, சுண்டெலியின் வால் அடியில் செருகினார். எலி மறுநாள் மாண்டது. அதன் மண்ணீரலில் அதே கோல்கள். அதிலிருந்து மற்றோர் எலிக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று இருபது எலிகள் வரை கொண்டு சென்றார். நலமான விலங்கின் இரத்தத்தைச் செருகிய எலிகளோ பிழைத்தன. மாட்டுக் கண்ணினுள் உள்ள தெளிநீரில் ஒரு சொட்டு எடுத்து, அதில் கோல்களை வளரவிட்டு, மணிக்கணக்கில் பார்த்தார். அவை நீண்டு நூலாகி, நூலினுள்ளே முத்துக் கோத்தாற்போல் வித்துகள் தோன்றின. அவ்வித்துகள் உலர்ந்தும் சாகாமல் நெடுங்காலம் கிடந்து, ஈரமும் சூடும் உணவும் கிடைத்தபோது மீண்டும் கோலாயின.

இதனால் உழவனுக்கு விளங்கியது யாது? ஒரு குறிப்பிட்ட மேய்ச்சல் நிலத்தில் மட்டும் ஆண்டுதோறும் மாடு மடிவதற்குப் பேயும் காரணமன்று, தெய்வக் குற்றமும் காரணமன்று. என்றோ செத்த மாட்டை அங்கே மேலோட்டமாகப் புதைத்திருக்கிறார்கள். அல்லது தோலை உரித்து உடலை எறிந்திருக்கிறார்கள். மண்ணில் வித்து காத்திருக்கிறது. ஆகவே செத்த மாட்டை அறுக்காமல் ஆழப் புதைத்தலோ எரித்தலோ வேண்டும். தோலின் விலைக்கு ஆசைப்பட்டு மந்தையை இழக்கும் வாணிபம் கட்டுபடியாகாது. நோயின் வரலாற்றை அறிந்தால் செலவில்லாத காப்பும் உண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்று நமக்குத் தெரியவில்லை.

1876 ஏப்ரல் 30-ஆம் நாள் தம் எலிகளையும் கண்ணாடிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு பிரெஸ்லவு நகரத்துப் பேராசிரியர் பெர்டினாண்டு கோன் முன்னிலையில் அனைத்தையும் செய்து காட்டினார் அந்தச் சிற்றூர் வைத்தியர். கோன் தம் சஞ்சிகையிலேயே அவ்வாண்டு அதனை அச்சிட்டார். அதன்பின் கோக்கின் பெயர் உலகறிந்தது. 1880-இல் பெர்லின் நகரத்து அரசாங்கச் சுகாதார அலுவலகத்துக்கு அழைக்கப்பெற்றார். 1882 மார்ச்சு 24-இல் காசநோய்க் கிருமியை அறிவித்தார். 1883-84-இல் எகிப்திலும் நம் கல்கத்தாவிலும் காலராவை ஆராய்ந்தார். இவை யாவும் எல்லாப் புத்தகங்களிலும் உள்ளன. நாம் விரிக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்றை இங்கே சொல்லுதல் தகும். அடைப்பானுக்குத் தடுப்பூசி கண்டவர் கோக் அல்லர். அவருடன் தீராப் பகை கொண்டிருந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர். 1881-இல் பூயி-லெ-போர் என்னும் பண்ணையில், ஏறத்தாழ ஐம்பது ஆடுகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மட்டும் தடுப்பூசி இட்டு, பின்னர் எல்லாவற்றுக்கும் கொடிய நோயைச் செலுத்தினார். ஊசி இடாதவை மாண்டன, இட்டவை நின்றன. தடுப்பூசி இட்ட ஆடுகள் பிழைத்தன என்று மட்டும் காட்டியிருந்தால் அதற்கு மதிப்பில்லை. அவ்வாண்டு அங்கே நோயே வராமலிருந்திருக்கலாமன்றோ? ஊசி இடாத மற்ற கூறே சாட்சி. கால்நடை மருந்து எதுவாயினும் இச்சாட்சியைக் கேளாமல் ஏற்றல் ஆகாது. அரசியலில் பகைவராயிருந்த இரு தேசத்து அறிஞர்களும் இந்த முறையில் ஒன்றுபட்டே நின்றார்கள்.

இனி வருவது கோக்கின் வாழ்வில் துயரமான பகுதி. 1890 ஆகஸ்டில் பெர்லினில் கூடிய அனைத்துலக மருத்துவ மாநாட்டில், காசநோயைத் தடுக்கவல்ல ஒரு பொருளைக் கண்டதாக அவர் குறிப்பாகத் தெரிவித்தார். டுபர்குலின் எனப்பட்ட அதன் செய்முறையை முதலில் வெளியிடவில்லை. ஐரோப்பாவெங்கும் நோயாளிகள் பெர்லினை நோக்கி ஓடினர். குணம் கிடைக்கவில்லை, ஊசியின் பின் மாண்டவர் பலர். எலிக்கும் மாட்டுக்கும் சாட்சி கேட்ட கண்டிப்பை மனிதர் விஷயத்தில் அவர் ஏன் தளர்த்தினார்? அரசாங்கத்தாரின் அவசரமும் தேச கௌரவமும் அவரை நெருக்கின என்பர். நமக்கு அது போதிய சமாதானமாகத் தோன்றவில்லை.

ஆயினும் அந்த டுபர்குலின் வீணாகவில்லை. மருந்தாகத் தோற்ற அது, மாட்டுக் கொட்டிலில் உளவாளியாக வென்றது. காசநோய் உள்ளே குடிகொண்ட மாட்டுக்கு அதனை ஊசியிட்டால் உடற்சூடு ஏறும். நலமான மாட்டுக்கு ஏறாது. வெளிக்குக் கொழுத்துப் பளபளத்து நிற்கும் பசுவினுள்ளே நோய் உண்டா என்று அறிய அதுவரை வழியில்லை. டென்மார்க்கு நாட்டுக் கால்நடை மருத்துவர் பெர்னார்டு பேங்கு இதனைக் கையாண்டு, மந்தையை இரண்டாகப் பிரித்தார். சூடேறிய பசுக்களை உடனே கொன்றுவிடச் சொல்லவில்லை. அவ்வாறு சொன்னால் பண்ணைக்காரன் பிச்சையெடுக்க வேண்டியதுதான். அவற்றைத் தனியே கட்டிப் பால் கறந்து, பாலைக் காய்ச்சி, கன்றுகளைப் பிறந்தவுடன் பிரித்து, நலமான மந்தையில் வளர்த்தார். சில ஆண்டுகளில் நோயுற்ற மந்தை தானே சுருங்கிற்று. நோயை ஒழிக்கும் வழி குடியானவனின் பையையும் பார்த்தே அமைய வேண்டும் என்னும் பாடத்தை இதனினும் தெளிவாகக் கற்பித்தவர் அரியர்.

இப்போது நம் வரலாற்றின் நடுவிடத்துக்கு வந்துவிட்டோம். 1880-களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் வடகிழக்குக் கரையில், இத்தாலியப் படைக்கென இறக்கப்பட்ட மாடுகளோடு வெக்கை நோய் நுழைந்தது. அம்மாடுகள் நம் நாட்டுப் பக்கத்திலிருந்து சென்றவை என்பது பலர் கருத்து. எத்தியோப்பியாவில் உழவு மாடுகள் மடிந்ததால் பஞ்சம் சூழ்ந்து, மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்று மதிப்பிடுவர். நோய் தெற்கே இறங்கி 1896-இல் சாம்பசி ஆற்றைக் கடந்தது. பல இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு மாடுகள் சாய்ந்தன.

இரயில்வேக்காரராகிய நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். அந்நாளில் தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுச் சரக்கு பெருமளவில் பெரிய வண்டிகளில் சென்றது. ஒரு வண்டிக்குப் பதினாறு மாடுகள் பூட்டுவர். மாடுகள் நுகத்தடியிலேயே விழுந்தன. வண்டிகள் பாதையோரம் சரக்கோடு கிடந்தன. தானியம் உள்ளே போகவில்லை, விலை ஏறிற்று. இதனால்தான் புலவாயோ நகருக்கு இருப்புப்பாதையை விரைந்து இட்டார்கள். 1897-இல் முதல் இரயில் அங்கே சென்றது. செத்த மாட்டின் விலையை மட்டும் கூட்டினால் வெக்கையின் நட்டத்தில் சிறு பகுதிதான் கிடைக்கும். உழாத நிலம், ஏறாத சரக்கு, ஏறிய விலை, பட்டினி, பாலின்றி வாடிய குழந்தை என இவை அனைத்தும் அதே கணக்கைச் சேர்ந்தவை. கால்நடை நோயின் பொருளாதாரம் என்று இக்காலத்தில் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் சாஸ்திரம் இந்தக் கூட்டல்தான்.

அரசாங்கத்தார் முதலில் வேலி போட்டார்கள். நோயுற்ற மந்தைகளைச் சுட்டார்கள். பெச்சுவானாலாந்தில் மாடுகளைச் சுட்டதை எதிர்த்துக் கலகமே மூண்டது. தன் வாழ்வே மாடாக இருப்பவனிடம், அயலூர் மந்தை பிழைக்க உன் மாட்டைக் கொல் என்றால் அவன் எப்படி இசைவான்? துப்பாக்கி தோற்ற நிலையில், கேப் அரசாங்கத்தார் கோக்கை அழைத்தார்கள். 1896 டிசம்பரில் அவர் தென்னாப்பிரிக்கா சென்று சேர்ந்தார். வைரச் சுரங்க நகரமான கிம்பர்லியில் அவருக்கு ஆய்வு நிலையம் அமைத்துக் கொடுத்தனர்.

வழக்கம்போல் முதலில் கிருமியைத் தேடினார். அகப்படவில்லை. வெக்கையின் காரணம் அக்கால நுண்ணோக்கிக்குள் அடங்காத நச்சுயிரி என்பது பின்னர், 1902-இல், கான்ஸ்டாண்டிநோபிளில் நிக்கோல், அடில் பே என்னும் இருவரின் ஆராய்ச்சியால் தெரியவந்தது. கிருமியின்றி நோயில்லை என்று உலகுக்குப் போதித்தவர், கிருமி கிடைக்காமலே வேலையைத் தொடர்ந்தார் என்பதுதான் நமக்கு வியப்பாயிருக்கிறது. காரணம் தெரியாவிட்டாலும், எந்த மாடு பிழைக்கிறது, எது மடிகிறது என்று எண்ணலாமன்றோ? எண்ணினார். இரத்தத்தைப் பலவாறு கலந்து பார்த்தார். நோய் தீர்ந்து எழுந்த மாடுகளின் ஊநீரைச் சோதித்தார். முடிவில், நோயுற்று ஆறாம் நாள் வாக்கில் கொல்லப்பட்ட மாட்டின் பித்தநீரை 10 கன சென்டிமீட்டர் அளவு நலமான மாட்டின் தோலடியில் செலுத்தினால், பத்து நாளில் காப்பு உண்டாகிறது என்று கண்டார். காப்புண்டா என அறிய, அம்மாடுகளுக்கும் ஊசியிடாத மாடுகளுக்கும் கொடிய இரத்தத்தைச் செலுத்தி ஒப்பிட்டார். 1897 பிப்ரவரி 10-இல் செய்தியை அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். போயர் உழவர் சிலர் பித்தநீரை முன்னரே கையாண்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அதனால் கோக்கின் சிறப்புக் குறையாது. நாட்டுப்புறத்துக் கைவைத்தியத்தை எண்ணிப் பார்த்துச் சோதித்து ஏற்பதும் விஞ்ஞானமே.

பித்தநீரைப் பெற மாட்டைக் கொல்ல வேண்டும். ஒரு மாட்டை இழந்து பல மாடுகளைக் காப்பதா, எல்லாவற்றையும் இழப்பதா என்று ஒவ்வொரு பண்ணைக்காரனும் கணக்கிட்டான். பெரும்பாலோர் ஊசிக்கு இசைந்தனர். ஆனால் குறைகளும் வெளிப்பட்டன. முன்னரே நோய் பற்றிய மாட்டை அது காக்கவில்லை. சில வேளை பித்தநீரே நோயைக் கொண்டு சென்றது. காப்பும் நெடுநாள் நிற்கவில்லை. கோக் கிளம்பிச் சென்றபின் அவருடைய மாணாக்கர் கோல்லேயும் ஆங்கிலேயரான டர்னரும், வேறிடத்தில் தைலர் முதலியோரும், ஊநீரையும் கொடிய இரத்தத்தையும் ஒருங்கே செலுத்தும் முறையைத் திருத்தமாக்கினர். பித்தநீர் முறை பின்னுக்குப் போயிற்று. ஆசிரியரின் முறையை மாணாக்கரே ஒப்பிட்டுப் பார்த்து மாற்றியதில் நமக்கு மகிழ்ச்சியே.

கோக் ஏன் அவ்வளவு விரைவில் கிளம்பினார்? பம்பாயில் பிளேக் கொள்ளைநோய் பரவியிருந்தது. ஜெர்மன் அரசாங்கம் அனுப்பிய குழுவுக்குத் தலைமை தாங்க அவர் கிம்பர்லியிலிருந்து நேரே நம் நாட்டுக்கு வந்தார். அப்போது நம் நாட்டிலும் வெக்கை பெரும் பகையாயிருந்தது. அதனை ஆராய்ந்த மாட்டுக் கொள்ளைநோய்க் கமிஷன் 1871-இலேயே தன் அறிக்கையைத் தந்திருந்தது. அதன்பின் 1889-இல் பூனாவில் தொடங்கப்பெற்ற அரசாங்கக் கிருமி ஆய்வுக்கூடம், தொற்றுக்கு அஞ்சி 1893-இல் குமாவுன் மலைமேல் முக்தேசர் என்னும் தனித்த இடத்துக்கு மாற்றப்பெற்றிருந்தது. லிங்கார்டு என்பவர் அதன் தலைவர். 1897-இல் கோக்கும் காஃப்கி, பைஃபர் என்னும் அவருடைய தோழர்களும் அங்கே சென்று ஆலோசனை கூறினர். 1899-இல் வெக்கைக்கான ஊநீர் அங்கே செய்யப்படலாயிற்று. அந்நிலையமே வளர்ந்து இன்று இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது.

1901-இல் இலண்டன் மாநாட்டில் கோக் மற்றொரு சறுக்கலுக்கு ஆளானார். மாட்டின் காசநோய் மனிதரைப் பெரிதும் தொற்றாது, ஆகவே பாலின் பொருட்டு நடவடிக்கை எடுத்தல் வீண்செலவு என்று அறிவித்தார். இக்கருத்து பொருளாதாரத்தின் பெயரால் வந்தமையின் எளிதில் பரவக்கூடியது. பிரிட்டிஷ் அரசாங்கத்தார் ஒரு கமிஷன் அமைத்துப் பத்தாண்டு காலம் விலங்குகளில் சோதித்தனர். பாலின் வழியே, குழந்தைகளை முக்கியமாக, அந்நோய் தொற்றும் என்று முடிவு தெரிந்தது. கோக் தம் கருத்தை எளிதில் விட்டாரில்லை; 1908-இல் வாஷிங்டனிலும் அதனையே வலியுறுத்தினார். இன்று வீடுதோறும் பால் காய்ச்சிக் குடிக்கும் தாய்மார்கள் இவ்விஷயத்தில் நோபல் பரிசு பெற்றவரினும் சரியான கட்சியில் நிற்கிறார்கள்.

வெக்கை ஓய்ந்தபின் ரொடீஷியாவில் மாடில்லாக் குறையைப் போக்க, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் மாடுகளைத் தருவித்தார்கள். பெயிரா துறைமுகத்தில் இறங்கிய அம்மாடுகளின் உண்ணிகளோடு கிழக்குக் கரைக் காய்ச்சல் என்னும் புதுநோய் வந்திறங்கியது. வெக்கையில் தப்பியவை இதில் மாண்டன. 1903-இல் கோக்கை மீண்டும் அழைத்தனர். அவர் புலவாயோவில் தங்கி, பிழைத்த மாடுகளின் இரத்தத்தைச் சிறுகச் சிறுகப் பலமுறை செலுத்தும் முறையைக் கூறினார். ஆய்வு நிலையத்தில் நம்பிக்கை தந்த அது வயல்வெளியில் பயன்படவில்லை. உண்ணியே நோயைக் கடத்துகிறது என்று தைலரும் லவுன்ஸ்பரியும் காட்டியபின், மாடுகளை மருந்துநீர்த் தொட்டியில் முக்குவதும் வேலியடைப்பதுமே நாளடைவில் பயன் தந்தன. ஒரு கொட்டிலில் பத்து மாட்டில் கண்டது, பத்தாயிரம் மாடு மேயும் காட்டில் அப்படியே நிகழும் என்று கொள்ளலாகாது.

இப்பகுதியை எழுதும்போது நம் தீவுத் துறைமுகங்கள் நம் கண்முன் நின்றன. பற்றாக்குறையைத் தீர்க்க வரும் மாடே புதுநோயைச் சுமந்து வருதல் கூடும். 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசப் பகுதிகளில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், பன்றி இறைச்சியின் வழியாகவும் பரவவல்லது. நிக்கோபாருக்குச் செல்லும் கப்பலில் ஒரு பொட்டலம் போதும். கடல் நல்ல வேலிதான். ஆனால் கப்பல் அவ்வேலியின் கதவு. சரக்கு அலுவலகத்தில் நாம் பணிபுரிந்த நாளில், கால்நடை ஏறி இறங்கிய பெட்டியைக் கழுவி மருந்து தெளிக்காமல் அடுத்த சரக்குக்குத் தரலாகாது என்னும் விதியைச் சிலர் வெறும் சம்பிரதாயமென்று முணுமுணுப்பர். கிம்பர்லியின் கதையை அவர்கள் படித்தாரில்லை.

கோக்கின் பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்வோம். முதல் மணம் முறிந்து 1893-இல் ஹெட்விக் என்னும் இளநங்கையை மணந்தார். ஊரார் பேச்சுக்கு அவர் செவிசாய்க்கவில்லை. 1905-இல் நோபல் பரிசு பெற்றார். 1906-07-இல் விக்டோரியா ஏரியிலுள்ள சேசே தீவுகளில் தூக்கநோயை ஆராய்ந்தார். 1908-இல் ஜப்பானில் தம் மாணாக்கர் கிட்டசாட்டோவின் விருந்தினராயிருந்தார். 1910 மே 27-இல் பாடன்-பாடன் நகரில் மாரடைப்பால் காலமானபோது வயது 66. அவருடைய சாம்பல் பெர்லினில் அவர் பெயர் தாங்கிய நிலையத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. டோக்கியோவில் கிட்டசாட்டோ தம் ஆசிரியரின் தலைமுடியை வைத்து ஒரு சிறு கோயிலே எழுப்பினார். குருபக்தி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று போலும்.

கோக்கோடு வெக்கையின் கதை முடியவில்லை. முக்தேசரில் எட்வர்ட்ஸ் 1920-களில் வெள்ளாட்டில் வளர்த்து மென்மையாக்கிய தடுப்பு மருந்தைக் கண்டார். நம் தமிழ்நாட்டில் 1932-இல் இராணிப்பேட்டையில் நிறுவப்பெற்ற நிலையம் கால்நடைத் தடுப்பு மருந்துகளைச் செய்து ஊர்தோறும் அனுப்பியது. 1954-இல் வெக்கை ஒழிப்புத் திட்டம் நாடெங்கும் தொடங்கிற்று. கென்யாவில் பிளவுரைட் என்பார் உயிரணு வளர்ப்பில் செய்த புது மருந்து பின்னர் கைக்கு வந்தது. நாட்டின் கடைசி வெக்கை 1995-இல் நம் தமிழ்நாட்டிலேயே கண்டறியப்பட்டது.

அதன்பின் எழுந்ததுதான் கடினமான கேள்வி. நோய் இருக்கிறது என்று காட்ட ஒரு மாடு போதும். இல்லை என்று காட்டுவது எங்ஙனம்? ஊசியிட்டுக்கொண்டே இருந்தால், இரத்தத்தில் காணும் எதிர்ப்புப் பொருள் ஊசியால் வந்ததா, பதுங்கியிருக்கும் நோயால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே துணிந்து ஊசியை நிறுத்தினார்கள். நிறுத்தியது கண்மூடித்தனமாகவன்று. கால்நடை ஊழியர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, வாய்ப்புண்ணும் கழிச்சலும் கொண்ட மாடு உண்டா என்று வீடுதோறும் கேட்டுத் தாளில் பதிந்தார்கள். மாடு ஓட்டிச் செல்லும் பாதைகளில் நின்று பார்த்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த ஊர்களில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பல இலட்சம் முறை இல்லை, இல்லை என்று எழுதப்பெற்ற அத்தாள்களைச் சான்றாகக் கொண்டு, 2006-இல் இந்தியா வெக்கைத் தொற்று நீங்கிய நாடெனச் சர்வதேசக் கால்நடைச் சுகாதார நிறுவனத்தாரால் ஏற்கப்பட்டது. 2011-இல் உலகமே அந்நோய் நீங்கியதென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் முற்றும் ஒழித்த இரண்டாவது நோய் அதுவே. இப்போது வெக்கையின் வித்து உள்ள இடம், உலகில் ஒரு சில ஆய்வுக்கூடங்களின் பூட்டிய குளிர்பெட்டிகள் மட்டுமே. அவற்றிலும் எத்தனைக் குப்பிகள் உள்ளன என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள்.